ஒய்பியின் பெட்டியில் அம்மாவின் காகிதம்

ஒய்பி செத்த பிறகு அவருடைய மகன் வீட்டிலிருந்த காகிதப் பெட்டிகளையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை ஆவணக் காப்பகத்தில் என் தலையில் விழுந்தது. எங்கள் தொகுதிக்குப் பல தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்; மலேசியாவில் அப்படிப்பட்டவர்களை 'ஒய்பி' என்றுதான் அழைப்போம். புக்கிட் செலம்பாவ் பக்கம் அவர் வந்தால் ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

முதல் பெட்டிகளில் பொன்னாடைகளும் மாலை போட்ட படங்களும் இருந்தன. அடுத்ததில் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். ஒன்றைக்கூட வீசாமல் வைத்திருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் மரியாதைகூட வந்தது. போய்த் தொலையட்டும் அந்த மரியாதை. ஒரு உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அதிலொன்றில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. முகவரி என் கையெழுத்து. பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது குடியுரிமை கேட்டு அம்மாவுக்காக எழுதிய கடிதம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தும், பிறப்பைப் பதியாமல் விட்டதால் அம்மாவுக்கு இன்றுவரை குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான். இங்கே பிறந்ததற்கு ஒரே அத்தாட்சி, ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸர் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம். நகல் எடுத்து அனுப்புவோம் என்றேன்.

"ஐயாவுக்குப் போயி காப்பி கொடுப்பாங்களா? தன்னை நம்பலன்னு நெனச்சுக்க மாட்டாரு?" என்று அம்மா அசலையே உள்ளே வைத்து ஒட்டினாள்.

அதன் பிறகு பதிவிலாகாவுக்குப் போகும்போதெல்லாம் அசலைக் கேட்டார்கள். "ஒய்பி கிட்ட இருக்குங்க" என்பாள், என்னமோ பேங்கில் இருப்பது போல. ஓட்டுப் போட முடியாதவள் அவர் தேர்தலுக்குக் கொடி கட்டப் போனாள்.

காப்பகத் தலைவர் முன்னிலையில் உறையைப் பிரித்தோம். டிரஸரின் மை மங்கவேயில்லை.

"இது எங்கம்மாவோடது சார். எடுத்துக்கறேன்."

"புரியுதும்மா. ஆனா இப்ப எல்லாம் யூனிவர்சிட்டி சொத்து. குடும்பத்துல கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விட முடியும்."

மகனுக்குப் போன் செய்து கெஞ்சினேன்.

"பிரிக்காமலே வெச்சிருந்தாருன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்துடும் லா, அக்கா. அப்பா பேரு கெட்டுடும். ஒண்ணும் வெளிய போகக் கூடாது." போனை வைத்துவிட்டார். அவருக்குப் பெயர், எங்கம்மாவுக்கு நாடு. எது பெரிது என்று கேட்க லைனில் ஆள் இல்லை.

கடைசியில் முத்திரை குத்திய நகல் ஒன்று கொடுத்தார்கள். அசலைப் புது உறையிலிட்டு, எண் போட்டு, குளிர் அறையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

வீட்டில் அம்மா அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் காகிதம் எது என்று தெரியும்.

"இது காப்பி. இத ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க. அசல் எங்கடி?"

"ஒய்பி கிட்டதான்மா இருக்கு" என்றேன்.