சாய்த்து வரைந்த கோடு

நான் ஒரு கோட்டைத் தவறாக வரைந்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே, நிதானமாக, அளவுகோல் வைத்து வரைந்தேன்.

மன்னிப்புக் கேட்கவா இதை எழுதுகிறேன்? இல்லை! என்னை மன்னிக்க நீங்கள் யார்? சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பொருளை எதில் செய்யலாம் என்று தேர்ந்து சொல்வது என் வேலை. கேளம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். அதற்கென்று ஒரு வரைபடம் உண்டு. கிடையாக அடர்த்தி, செங்குத்தாக விறைப்பு. மரம், அலுமினியம், இரும்பு எல்லாம் அதில் முட்டை முட்டையாகக் கிடக்கும். குறுக்கே ஒரு சாய்கோடு போட்டால், கோட்டுக்கு மேலே நிற்பது கனமில்லாமல் விறைப்பாக இருக்கும், தேறும்; கீழே இருப்பது தள்ளுபடி. ஆனால் அந்தக் கோட்டின் சாய்வு... எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரு முனையிலும் இழுபடும் கம்பிக்கு ஒரு சாய்வு. மேலே ஏறி மிதிக்கும் பலகைக்கு அதைவிடச் செங்குத்தான வேறொரு சாய்வு.

சேலையூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எஸ்தர் டீச்சர் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பக்கவாதத்தில் விழுந்த அவர் கணவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் மூன்று படிகள். சிமெண்டில் சாய்தளம் கட்டினால் கார் நிறுத்த இடம் போய்விடுமாம்! தூக்கிப் போட்டு எடுக்கிற ராம்ப் ஒன்று செய்து தருகிறோம் என்றார்கள் அசோசியேஷன்காரர்கள். எதில் செய்வது என்று என்னைக் கேட்டார்கள்.

அலுமினியம். ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே விறைப்புக்கு இரும்பில் செய்தால் எடை ஏறக்குறைய இரு மடங்கு.

பம்மலில் என் அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. இரண்டு மாதமாக அங்கே வேலை இல்லை...

"அலுமினியம் அடிக்க நம்மகிட்ட மெஷின் இன்னா கீது? ஆர்டர் வேற பட்டறைக்குப் பூடும். நீ சொன்னா கேப்பாங்க இல்ல... இரும்புன்னு சொல்லேன்" என்றான்.

கம்பிக்கு உரிய சாய்வில் கோட்டை வரைந்தேன். அந்தக் கோட்டில் இரும்பும் அலுமினியமும் எடையில் சமம் என்பதுபோல உட்கார்ந்துவிடும். இரண்டும் சமமென்றால் மலிவானது இரும்பு, முடிந்தது கதை! கலரில் அச்செடுத்துக் கூட்டத்தில் நீட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவராவது, ஏன் இந்தச் சாய்வு என்று கேட்டாரா? எஸ்தர் டீச்சர் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அளவுகோல் வைத்து அளந்தார்.

"சாய்வு கரெக்டா ஒண்ணு வருதும்மா நஸீமா. நீட்டா போட்டிருக்கே."

அவர் அளந்தது சரி. அது பலகைக்கு உரிய சாய்வே அல்ல என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் பட்டறையில் மறுபடி நெருப்புப் பொறி பறந்தது. அதற்காக நான் வெட்கப்பட வேண்டுமா? கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பீர்களோ? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

காலையும் மாலையும் டீச்சர் அந்த ராம்ப்பை இழுத்துப் போடும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். நடுவில் ஒருமுறை நிற்கும். மூச்சு வாங்குகிறார் என்று பொருள். இப்போது இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார். ஒருநாள் தாங்கமுடியாமல் ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"எதுல செஞ்சாலும் இதே கனம்தான்னு நீதானே சார்ட்டுல காட்டினே. எனக்குத்தான் தெம்பு போயிடுச்சும்மா" என்றார்.

ராம்ப்பின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.

நேற்று மாலை டீச்சர் போன் செய்தார். தாம்பரத்தில் அவர்களுடைய சபையில் இன்னொரு குடும்பத்துக்கும் ராம்ப் வேண்டுமாம். "அந்தப் படத்தை எனக்கு அனுப்பி வைம்மா, அவங்களுக்கு நானே விளக்கிச் சொல்லிடறேன்."

சரியான கோட்டை வரைந்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அளப்பார். கணக்கு டீச்சர் அல்லவா...

பழைய படத்தையே அனுப்பினேன். ஆமாம், அனுப்பினேன்! கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

சற்று நேரத்தில் கீழே இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. நான் எழுந்து போகவில்லை.