பத்தாயிரத்து எழுபத்தொன்பது

அக்கா சொன்ன எண்ணை நான் நம்பவில்லை.

திண்டுக்கல்லில் நடக்கவிருந்த கைவினைப் போட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு முடித்திருந்தாள். துணியில் அச்சு வைத்த ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூல் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். சாயத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள்: மொத்த முடிச்சு எத்தனை? முழுவதும் ஒருவர் கைவேலைதானா? இரண்டாவதில் பிசகினால் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். உறுதிமொழியில் கையெழுத்து என்னுடையது.

“எத்தனைக்கா?”

“பத்தாயிரத்து எழுவத்தொம்பது.”

“ஒரே அச்சுதானா?”

“ஒரே அச்சுதான். எழுதுலே, இன்னிக்குத்தான கடைசி நாளு.”

ஒரே அச்சைத் திரும்பத் திரும்ப வைத்திருந்தால் மொத்தப் புள்ளியும் சமமாகப் பிரிய வேண்டும். இரண்டால் போகவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, எனவே மூன்றும் இல்லை. ஏழால் வகுத்தேன், ஆறு மிஞ்சியது. பதினொன்றுக்கு மூன்று, பதின்மூன்றுக்கு நான்கு. நூற்றுக்குள் இருக்கும் பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், தொண்ணூற்றேழும் கைவிட்டது. அதற்கு மேல் தேடத் தேவையில்லை. இது பகா எண். எந்தக் கட்டத்திலும் அடங்காது.

எனக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் நினைவு வந்தது. தினமும் மத்தியானம் பேச வந்து, சேலையின் மறுமுனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கை சும்மாவா இருந்திருக்கும்? இருவர் கட்டிய கணக்கைக் கூட்டியதில் பிசகிவிட்டதோ? முடிச்சுப் போட்ட துணி சுருங்கி ஒரு பந்தாகக் கிடந்தது. சாயம் முக்கி முடிச்சு அவிழ்க்கும்வரை அதை எண்ண முடியாது.

ஒன்று கூட்டிப் பார்த்தேன். பத்தாயிரத்து எண்பது. ஒன்றிலிருந்து பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதியின்றிப் போனது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டமாக வைத்தால் சரியாக எழுபது கட்டம். அக்காதான் ஒன்றை விட்டு எண்ணியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, பேனாவால் 10080 என்று எழுதி வாசித்தும் காட்டினேன்.

“ஒண்ணு ஏன் கூட்டுன?”

“உன் கணக்கு வகுபடலைக்கா. பக்கத்து வீட்டக்கா எத்தனை கட்டுனா, உண்மையச் சொல்லு.”

“அவளுக்கு வாய்தான் வேலை செய்யும், கையி செய்யாது.” அக்கா துணியின் ஓரத்தை இழுத்துப் பிரித்தாள். கடைசிக் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி முடிச்சில்லாமல் தட்டையாகக் கிடந்தது. “அச்சுக்காரரு வச்சது பத்தாயிரத்து எண்பது. எல்லாத்தையும் அடைச்சா கண்ணு பட்டுரும்னு ஒண்ண விட்டுருவோம்ல. படிச்சவன் கேட்டுட்டு எழுதக் கூடாதா?”

“அந்த ஒண்ணையும் கட்டிரேன்.”

“உன் பேனாவுக்காக நான் கட்டணுமா? மாட்டேன்.”

விண்ணப்பத்தின் அடியில் அடித்தல் திருத்தல் கூடாது என்று இருந்தது. பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய், வேறு தாள் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன்.

வாங்கிய அலுவலர் எண்ணில் விரல் வைத்தார். “ஒத்தப்படையா வருதேப்பா. அச்சுல அப்படி வராதே. யாரு எண்ணுனது?”

“எங்கக்கா சார்.”

“சேலை வந்ததும் எண்ணிப் பாத்துருவோம்.”

“பாருங்க சார். கடைசிக் கட்டத்து மூலையில இருந்து ஆரம்பிங்க.”