வலி நின்ற சனிக்கிழமை

என் மனைவி லூர்துமேரி இன்று உயிரோடு இருப்பது செபத்தால்தான். அந்தச் செபத்துக்கான பதில் வாசலுக்கு வந்தபோது திருப்பி அனுப்பப் பார்த்தவன் நான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

1957, தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. காலையிலிருந்தே அவளுக்குப் பசியில்லை. ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நாளில் பசி எடுக்காதது வரம் என்றே இருவரும் நினைத்தோம். மதியம் தொப்புளைச் சுற்றி வலி, வாந்தி. மாலையில் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. நகரசபைப் பதிவுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவனுக்குத் தெரியாத முறை உண்டா? வாயு என்று தீர்ப்பெழுதி விளக்கெண்ணெய் கொடுத்தேன். அவள் காலை மடக்கிச் சுருண்டுகொண்டாள். பயந்துபோனேன். செபமாலையை எடுத்தேன். ஆண்டவரே, இந்த வலியை நிறுத்தும். அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

சனிக்கிழமை காலை வலி சட்டென்று நின்றது. அழுதேன். மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன்.

வாசலில் அடுத்த தெரு தெரேஸ். பெரியாஸ்பத்திரி நர்ஸ். பிறப்புப் பதிவில் பெயர் திருத்த மனு எழுதித் தரக் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தேன். முறை தெரியாத பெண், சனிக்கிழமையே வந்து நின்றாள். இன்று முடியாது, வீட்டில் நோயாளி, இப்போதுதான் வலி நின்றது என்றேன்.

அவள் நேரே உள்ளே போனாள். கட்டிலருகே இருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாள். வலப்பக்க வயிற்றை மெல்ல அழுத்திக் கையைச் சட்டென எடுத்தாள். லூர்துமேரி துடித்துப்போனாள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. உடம்பு கொதித்தது.

"நோவு நின்னா நல்லதுன்னு யாரு மாமா சொன்னது? குடல்வால் உடைஞ்சாலும் கொஞ்ச நேரம் நிக்கும். இதுல வெளக்கெண்ண வேற குடுத்து வச்சிருக்கீங்க."

ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் நேரம் முடிந்திருக்குமே என்றேன்.

"நீங்க வண்டியக் கூப்புடுங்க. சீட்டு நான் பாத்துக்கறேன்."

அன்று பகலிலேயே அறுவை நடந்தது. குடல்வால் உடைந்து சீழ் பரவத் தொடங்கியிருந்தது. மாலைவரை தள்ளியிருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். பெனிசிலின் ஊசி, சீழ் வடிய வயிற்றில் ஒரு குழாய், மூன்று வாரம் கட்டில். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

இப்போதெல்லாம் ஆண்டவரிடம் விண்ணப்பத்தை மட்டும் வைக்கிறேன். தீர்க்கும் வழியை நான் குறித்துக் கொடுப்பதில்லை. தெரிந்தவர் யாருக்கு வயிற்று வலி என்றாலும் விளக்கெண்ணெயைத் தொட விடுவதில்லை. ஆஸ்பத்திரி வரை கூடவே போகிறேன். வழியெல்லாம் செபிக்கிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். நான் கேட்டது வலி நிற்க வேண்டும் என்று மட்டும்தான். அவர் லூர்துமேரியைத் தந்தார்.