யூயிக்கு எந்த வகுப்பு?

1

ஜப்பானியர்கள் தங்கள் மொழியை நிஹோங்கோ என்பார்கள். நிஹோன் என்றால் ஜப்பான், கோ என்றால் மொழி. மைசூர் ஹெப்பாளில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது, ஊழியர்களுக்கு நடத்திய சாயங்கால வகுப்பின் முதல் நாள் போர்டில் நான் எழுதுவது இந்தச் சொல்லைத்தான். அதுவே ஒருநாள் என் காலை வாரிவிடும் என்று யார் கண்டது!

பிளான்ட் மேனேஜர் மோரி சானுக்கு (சான் என்றால் நம்மூர் சார் மாதிரி) ஜப்பானுக்கே மாற்றல் வந்தது. அவர் மகள் யூயி சின்ன வயதிலேயே மைசூருக்கு வந்தவள். வாட்ச்மேனோடு கன்னடத்தில் வம்பளப்பாள். ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால் ஓடுவாள். மோரி சான் மனைவியோடு வந்து, மகளுக்கு ஜப்பானியப் பாடம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா! நம்ம நிஹோங்கோ வகுப்புலயே உட்காரட்டும்" என்றேன் ஜப்பானிய மொழியில்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். நான் திருதிருவென்று முழித்தேன்.

ஹெச்.ஆர். ருக்மணி ஓடி வந்தாள். "என்ன சார் சொன்னீங்க? மேடம் அழுதுட்டே கார்ல ஏறுறாங்க!"

"பாடம் சொல்லித் தரேன்னேன், அவ்வளவுதாம்மா."

"அதுக்குப் போய் சும்னே யாராவது அழுவாங்களா?" என்றாள், சும்மாவைக் கன்னடத்தில் சும்னே ஆக்கி.

மறுநாள் மோரி சானே விளக்கினார். ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழிப்பாடத்துக்கு நிஹோங்கோ என்று பெயரில்லையாம். கொகுகோ, அதாவது நாட்டு மொழி. நிஹோங்கோ வகுப்பு என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஜப்பானில் புதுப் பள்ளியில் யூயியை வாசிக்கச் சொல்லிப் பார்த்து, தடுமாறினால் அந்த வகுப்பில்தான் உட்காரவைப்பார்களாம். நான் முதல் ஆளாக உட்காரவைத்துவிட்டேன்!

"ரெண்டும் ஒரே மொழிதானே?" என்றேன்.

"ஒரே மொழிதான்" என்றார். எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு பெயருக்காக ஒரு தாய் அழுவாளா?

முட்டி மோதி யூயிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பலிக்கவில்லை. அவளை நிஹோங்கோ வகுப்பில்தான் சேர்த்தார்கள் என்று மோரி சான் ஜப்பானிலிருந்து போனில் சொன்னார்.

2

எங்கள் வீட்டில் தமிழுக்குத் தமிழ் என்ற பெயரே கிடையாது. "நம்ம பாஷையில பேசு" என்போம். மகள் சிந்து பள்ளியில் படித்தது கன்னடம். போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள் சொன்னாள்:

"அப்பா, நான் பேசுனா எல்லாரும் சிரிக்கிறாங்க. ஆன்லைன்ல ஸ்போக்கன் தமிழ் கிளாஸ் இருக்காம். வெளிநாட்டுக்காரங்க எல்லாம் படிக்கிறாங்க. சேரட்டா?"

நல்ல விஷயம்தானே, மகள் தானாக ஆசைப்படுகிறாள். சந்தோஷப்பட வேண்டியவனுக்கு ஏன் கண் கலங்கியது?

"சேரும்மா" என்றேன்.

"ஏன்ப்பா அழற?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் மொழி சொல்லிக் கொடுத்தவன் நான். பாடம் கேட்டு வருபவரிடம், அது அவருக்குப் புது மொழியா, சொந்த மொழியா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.