தோளுக்கு இருந்த விரதம்

என் தோளில் ஒருநாளும் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் பதினொரு வருடம் இழுத்தடித்தவன் நான்.

பேஸ்போல் விளையாடிச் சம்பளம் வாங்கியவன் நான். பந்து எறிபவன். கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்து, அமெரிக்கச் சிற்றூர்களில், பெரிய அணிக்குக் கீழேயுள்ள சின்ன அணிகளில் நாலு கோடை எறிந்தேன். மேலே கூப்பிடுவார்கள் என்று நாலு கோடையும் காத்திருந்தேன். ஐந்தாம் வருடம் பயிற்சியாளர் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். உன் பந்துக்கு வேகம் போதாது, இதற்கு மேலே வராது என்றார். கைகொடுத்தார். அவ்வளவுதான்.

வாகனத் தரிப்பிடத்தில் நின்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்றதும் பதறிப்போனார்.

"என்னடா, எங்கையும் அடிபட்டிட்டுதோ? கையோ, தோளோ?"

"ஓம் அம்மா. தோள்."

பச்சைப் பொய். ஆனால் நானாகத் தேடிப் பிடித்ததில்லை. அவரே எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அடிபட்டு வந்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. வேண்டாம் என்று அனுப்பப்பட்டவனுக்கு என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமையே அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டார். என் தோள் சுகமாகி நான் திரும்ப விளையாடும்வரை, வெள்ளிதோறும் பொழுதுபடும்வரை சோறு தண்ணீர் இல்லை. சனிக்கிழமைகளில் தோளில் நல்லெண்ணெய் தேய்த்தும் விட்டார். "விடுங்கோ அம்மா" என்று ரெண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். "நீ உன்ர வேலையைப் பார்" என்றார். சுகமாகிவிட்டது என்று சொல்லலாம்தான். சொன்னால், பிறகேன் இன்னும் விளையாடப் போகவில்லை என்று கேட்பார். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் தமிழ் வானொலியொன்றில் வேலை கிடைத்தது. ரொறன்ரோ அணியின் ஆட்டங்களைத் தமிழில் நேர்முக வர்ணனை செய்ய வேண்டும். முதலாளி சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: "தம்பி, கேக்கிறவைக்கு உம்மட கண்தான் கண். கண்டதைச் சொல்லும். காணாததைச் சொல்லாதையும்." ஏழு வருடமாக அப்படியே செய்தேன். எனக்குப் பிடித்த ஆட்டக்காரன் பந்தைத் தவறவிட்டாலும், தவறவிட்டான் என்றே சொன்னேன். ஊருக்கெல்லாம் உண்மை விளம்பி! தன் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ட் குசினியில் சமைத்தபடி அம்மா ஒரு ஆட்டம் விடாமல் கேட்பார். ஆட்டம் ஒரு சொட்டும் விளங்காது. என் குரல் கேட்டால் போதுமாம்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா பஸ் தரிப்பில் மயங்கி விழுந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து மூன்று வருடம். இனிப் பட்டினி கிடந்தால் ஒருநாள் எழும்பமாட்டீர்கள் என்று டொக்டர் அவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னார். காரில் வரும்போது அம்மா சொன்னார்:

"டொக்டருக்கு என்ன தெரியும்? நேர்த்தியை இடையிலை விடேலாது. உன்ர தோளுக்குத்தான் ஏதும் வந்திடும்."

அட, அப்போதாவது சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வியாழன் பிற்பகல் ஆட்டம். புதிதாக வந்த பந்தெறிபவன் ஒருவன் நன்றாக அடி வாங்கினான். பயிற்சியாளர் நடந்து வந்து அவன் கையிலிருந்து பந்தை வாங்கினார். அவன் தலைகுனிந்து வெளியே போவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்கட தோள் மட்டும் பழுதாகாட்டி அண்ணை, ஒருநாள் நீங்களும் அங்கை நிண்டிருப்பியள்" என்றார்.

மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தேன்.

"தோளுக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றேன். "வேகம் காணாது எண்டு என்னை அனுப்பிப்போட்டாங்கள். வீட்டிலை பொய் சொன்னனான். அம்மா, நீங்கள் கேக்கிறியள் எண்டு தெரியும். நாளைக்குச் சாப்பிடுங்கோ."

பிறகு அடுத்த பந்தைச் சொன்னேன். அது என்ன பந்து என்று இப்போது கேட்டால் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அம்மாவிடம் போனேன். கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே குசினிக்குள் போனார்.

"பதினொரு வருசமா இல்லாத நோவுக்கு முருகனிட்டை அழுது மண்டாடியிருக்கிறன். அவர் என்ன நினைச்சிருப்பார்? கோயிலிலை எத்தினை பேரிட்டைச் சொன்னனான்! மூதேசி!"

பேச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அவர் கத்தி முடித்து, கிட்ட வந்து, என் வலது தோளில் எண்ணெய் தேய்க்கிற இடத்தை விரலால் அமத்தினார்.

"இது ஒருநாளும் நோகேல்லையோ?"

"இல்லை அம்மா."

"எனக்கு நொந்ததடா."

மேசையில் சோறும் பருப்பும் இருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம், எனக்கு முன்னால் இருந்து, அம்மா சாப்பிடத் தொடங்கினார். முதல் வாய் இறங்காமல் தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த வாயை எடுத்தார்.