பின்பக்கத்தில் இல்லாத எட்டு

வெர்னா யாரையும் எளிதில் நம்பமாட்டாள். பால் வாங்கினால் கடை வாசலிலேயே திறந்து முகர்ந்து பார்ப்பாள். அரசாங்க முத்திரையோடு வரும் கடிதத்தை மேசைமேல் கிடக்கவிட்டு, பாம்பைச் சுற்றி வருவதுபோல் சுற்றி வந்த பிறகே பிரிப்பாள். பழங்குடிகளை அடைத்துவைத்திருந்த மிஷன் வேலியைத் தாண்டிச் சொந்தத் தங்கையைப் பார்க்கப் போவதற்கே அவளுடைய அம்மா வெள்ளைக்கார மேலாளரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் சட்டத்தின் பெயரால்தான் கேட்டார்கள். சந்தேகப்படாமல் வாழ்வதற்கு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வில்காரா என்ற சிற்றூரில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் அவளுக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் ஐவி அத்தையைத் தன் பழைய ஸ்டேஷன் வேகனில் ஏற்றி, செம்மண் சாலையில் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போவாள். அந்த வழியில் பஸ் கிடையாது. வெர்னாவின் லைசென்ஸ்தான் அத்தையின் சிறுநீரகம்.

அந்த லைசென்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. கால்பந்துக் கிளப் பெயர் போட்ட சட்டகம் நம்பர் பிளேட்டின் விளிம்பை மறைக்கிறது என்று சார்ஜென்ட் பார்டெல் முதலில் அபராதம் போட்டார். பிறகு பின்பக்க பிளேட் சாய்ந்திருக்கிறது என்று ஒன்று. இரண்டையும் கட்டினாள். மூன்றாவது முறை கோதுமைக் கிடங்கு அருகே நிறுத்தினார். கைகள் இரண்டும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டிரெய்லர் மாட்டுற கொண்டி பின்னாடி பிளேட்டை மறைக்குது, வெர்னா. நடுவுல இருக்கற எட்டு தெரியவே இல்ல. இருபது மீட்டர்லேர்ந்து தெரியணும். சட்டம்."

"எங்க மூஞ்சி மட்டும் எத்தனை மீட்டர்லேர்ந்து தெரியுது, சார்ஜென்ட்?" என்றாள் ஐவி அத்தை.

அவர் காதில் விழாததுபோல் எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் ஒரு பண்ணைக்காரரின் லாரி கடந்து போனது. அதன் முன்பக்க இரும்புச் சட்டமும் விளக்குகளும் நம்பரை முழுசாக விழுங்கியிருந்தன. பார்டெல் கையசைத்தார். பண்ணைக்காரரும் கையசைத்தார்.

இந்த அபராதமும் உறுதியானால் ஒவ்வொரு அபராதத்துக்கும் குறைகிற புள்ளிகள் தீர்ந்து லைசென்ஸ் போய்விடும். வெர்னா கோர்ட்டுக்குப் போவதென்று முடிவு செய்தாள். சட்ட உதவி வக்கீல் டெஸ் சின்னப் பெண், எதற்கெடுத்தாலும் சிரித்தாள். இவ்வளவு சிரிப்பவள் யார் பக்கம் என்று வெர்னாவுக்குப் புரியவில்லை. "கொண்டி எவ்வளவு மறைக்குதுன்னு பின்பக்கத்தை போட்டோ எடுங்க" என்றாள் டெஸ்.

போட்டோவுக்காக, பிளேட்டில் அப்பியிருந்த செம்புழுதியைக் கழுவியபோதுதான் வெர்னாவின் கை நின்றது. பிளேட்டில் எட்டே இல்லை. ஒரு எழுத்துகூட அவளுடையது இல்லை. முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். முன்பக்கம் அவளுடைய நம்பர்தான், நடுவில் எட்டோடு. போலீஸ்தான் மாற்றி மாட்டியிருக்கிறது என்று முதலில் தோன்றியது. அப்புறம் தம்பி டல்லஸ் நினைவுக்கு வந்தான்.

"மழைக்கு அப்புறம் பின்கதவு மாத்துனியே, அது எந்த வண்டியோடது?"

"செத்துப்போன மாமாவோட வேகன், அக்கா. குப்பைமேட்டுல கிடந்துச்சே."

"அதோட பிளேட்டையும் சேர்த்தா மாட்டுவ, மடையா?"

"கழட்ட வரலக்கா! பிளேட் திருட்டு போகுதுன்னு போலீஸே ஊருக்கெல்லாம் சும்மா குடுத்தாங்களே, ஒரு பக்கம் மட்டும் சுத்தற திருகாணி. மாமா அதைப் போட்டுட்டுச் செத்துட்டாரு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்." தலையைச் சொறிந்தான். "உன் பழைய பிளேட் கொட்டகையிலதான் இருக்கு. இப்பவே இதைக் குடைஞ்செடுத்துட்டு அதை மாட்டிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"தொடாத."

படத்தைப் பார்த்த டெஸ் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. "மூணு தடவையும் இந்தப் பின்கதவுதான். ஒரு தடவையாவது சார்ஜென்ட் பிளேட்டைப் பாத்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாரு. ஆனா இதைக் காட்டினா, வேற வண்டி நம்பர்ல ஓட்டினேன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. அதுக்கும் லைசென்ஸ் போகலாம். நீங்க தலையாட்டினாதான் காட்டுவேன்."

தூண்டிலில் புழு இவ்வளவு கொழுப்பாக இருந்தால் மீன் யோசிக்க வேண்டாமா? கோர்ட் நாள் வந்த பிறகும் வெர்னா முடிவு சொல்லவில்லை.

பார்டெல் சாட்சி சொன்னார். "நல்லா ஞாபகம் இருக்கு, யுவர் ஆனர். வண்டிக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். கொண்டி அந்த எட்டை மறைச்சிருந்துச்சு."

அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அம்மாவிடம் சீட்டுக் கேட்டவர்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். வெர்னா தலையாட்டினாள்.

படம் மாஜிஸ்திரேட் கைக்குப் போய், பார்டெலிடம் வந்தது. பின்கதவின் கதையை டெஸ் மறைக்காமல் சொன்னாள்.

"சார்ஜென்ட், இதுல அந்த எட்டைக் காட்டுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

பார்டெல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரை... கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதியிருப்பேன், யுவர் ஆனர்."

"அப்போ எதைப் பார்த்து வண்டிய நிறுத்துனீங்க?"

பார்டெல் படத்தைக் கீழே வைத்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த அபராதச் சீட்டிலும் அதை எழுத இடம் கிடையாது.

அபராதம் தள்ளுபடியானது. "தப்பான பிளேட்டோட ஓட்டினதுக்கு..." என்று பார்டெல் தொடங்கினார்.

"அந்த வழக்கு என் முன்னாடி இல்ல. அந்தம்மா இன்னைக்கே சரியான பிளேட்டை மாட்டி உங்ககிட்டக் காட்டட்டும். அதுக்கு மேலயும் வழக்குப் போடணும்னா தாராளமாப் போடுங்க. இந்தப் படம் அதுலயும் வரும்."

வாசலில் டல்லஸ் துளைக்கருவியால் திருகாணிகளைக் குடைந்தெடுத்து அவள் பிளேட்டை மாட்டினான். கொண்டியையும் கழற்றி வண்டிக்குள் போட்டான். பார்டெல் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பின்கதவின் முன் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எட்டு இருக்கா?" உள்ளேயிருந்து ஐவி அத்தை கேட்டாள். "நல்லாப் பாருங்க. எனக்கு ஊசி குத்த நேரமாவுது."

"இருக்கு."

வெர்னா போனை உயர்த்தி, அவர் குனிந்திருந்தபடியே ஒரு படம் எடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் பார்டெல்.

"கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். ஊர் எல்லை தாண்டும்வரை பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை விட்டு அவள் கண் நகரவில்லை.