பதினாறு முகத் துணி

மரியகொறற்றி காரைத் தொடுவதற்கு முன் துணியை மடிக்கிறாள். பழைய பெனியன் துணி. எட்டாக மடித்துத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் பதினாறு முகம். ஒரு முகத்துக்கு ஒரே ஒரு துடைப்பு. அழுக்கு முகத்தை மறுபடி வைத்தால் பெயின்ற் கீறிவிடுமாம். கூரையில் தொடங்கிக் கீழே நாலு சில்லிலும் முடிப்பாள். காய்ந்த சேற்றின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் போய்விடுவாள். "ஊறினா அதுவே கழரும். அதோட என்னத்துக்குச் சண்டை?"

முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருகிறவள். அந்தத் தொடர்மாடியில் பதினொரு கார் அவள் பொறுப்பு. காருக்கு ஒரு வாளி. அதுவும் குழாய்த் தண்ணீர் இல்லை, ஏசிகளிலிருந்து சொட்டுவது. "இந்தத் தண்ணி காஞ்சா வெள்ளைப் புள்ளி விழாது, மிஸ்" என்று கேளாதவர்களுக்கும் சொல்லுவாள்.

போன மாதம் லிஃப்ட் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள்: இனி இங்கே கார் கழுவக் கூடாது. ஹோஸ் பைப்பால் தரிப்பிடத்தைக் குளமாக்கியவர்கள் சாரதிமார். பிழைப்புப் போவது இவளுக்கு. நேரே தொடர்மாடிச் சங்கச் செயலாளர் கிருபாகரனின் கதவைத் தட்டினாள்.

"சேர், உங்கட காரையே கழுவிக் காட்டுறன். கீழ ஒரு சொட்டு விழுந்தா நாளைக்கு நான் வரமாட்டன்."

ஓய்வுபெற்ற பொறியியலாளரான அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் கறுப்புக் காரின் அடியிலும் சுற்றிலும் அன்றைய பத்திரிகையை விரித்துவிட்டு, கதிரை போட்டு உட்கார்ந்தார். முதல்நாள் மழைச் சேறு கதவு வரை ஏறியிருந்தது. பல்கனிகளில் தலைகள் முளைத்தன.

அவள் கூரையில் தொடங்கினாள். நனைத்தாள், ஒட்டப் பிழிந்தாள், துடைத்தாள், முகம் மாற்றினாள். ஒரு துணி முடிந்ததும் அடுத்தது. முக்கால் மணி நேரத்தில் அந்தக் காரில் தலை சீவலாம் போலிருந்தது. வாளியில் மிஞ்சிய கலங்கல் தண்ணீர் வாசல் பூந்தொட்டிக்குப் போனது.

கிருபாகரன் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எழும்புங்க சேர், இடுப்புப் பிடிச்சுக்கொள்ளும்." பத்திரிகையை உருவி எடுத்து எட்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள். "ஈரமில்ல. இனி வாசிக்கலாம்."

பல்கனியில் யாரோ கைதட்டினார்கள். கிருபாகரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீர் வென்றிட்டீர், கொறற்றி" என்றபடி போய், லிஃப்ட் கதவிலிருந்த அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார்.

மூன்றாவது துணியில் ஒரு முகம் இன்னும் வெள்ளையாக இருந்தது. கதவில் ஒட்டியிருந்த பசையை அவள் அதனால் துடைத்துவிட்டாள்.